செல்வி படிக்காத பள்ளிக்கூடம்

"நான் எழுதல அண்ணா. சத்தியமா நான் எழுதல!" என்று மூன்றாம் கேபினிலிருந்து செல்வி கத்தியதும் கடையே திரும்பிப் பார்த்தது.

மேற்குத் தாம்பரத்தில் நான் பிரவுசிங் சென்டர் நடத்திய காலம். பலகைத் தடுப்பு, துணித் திரை, எழுத்து அழிந்த கீபோர்டு, ஒரே ஒரு ஏசி. அந்த ஏசிக்காகவே வந்தவர்களும் உண்டு. இன்றும் அந்தக் கடையை நினைத்தால் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

செல்வி பம்மலில் ஒரு நர்ஸிங் ஹோமில் நர்ஸ். மஸ்கட்டில் ஆஸ்பத்திரி வேலைக்கு அப்ளை செய்திருந்தாள். இன்டர்வியூ அழைப்பு மெயிலில் வந்திருந்தது. அதற்கு, "எனக்கு விருப்பமில்லை" என்று அவள் பெயரிலேயே பதிலும் போயிருந்தது.

"யாரும்மா செஞ்சிருப்பாங்க?"

"எங்கண்ணன்தான். வெளிநாடு போகக் கூடாதுன்னு வூட்ல ஒரே பேஜாரு. பாஸ்வேர்டு மாத்திக்கினேதான் இருக்கேன். எப்படியோ பூந்துடறான்."

ஹேக்கர் என்றால் எங்கோ ரஷ்யாவில் இருப்பான் என்று நாங்கள் நம்பிய காலம். சேலையூரிலிருந்து வரும் ரிட்டயர்டு சார் ஒருவர், அவனுக்குப் பயந்து முழ நீளத்துக்கு பாஸ்வேர்டு வைத்திருந்தார். உள்ளே இருந்ததெல்லாம் சாமி படங்களும் பேரன் மொட்டை போட்ட போட்டோவும்தான். செல்விக்கோ பிழைப்பே அந்த இன்பாக்ஸில் இருந்தது. அவளுடைய திருடன் ஒரே வீட்டில் சோறு தின்றவன்.

பாஸ்வேர்டு மறந்தவர்களுக்கான பக்கத்தைத் திறந்தேன். 'நீங்கள் முதலில் படித்த பள்ளி எது?' என்று கேட்டது. சரியான பதிலைச் சொன்னால் பழைய பாஸ்வேர்டு இல்லாமலே உள்ளே விட்டுவிடும்.

"இதுக்கு இன்னா போட்டிருக்கே?"

"படிச்ச ஸ்கூலத்தான்."

"உங்கண்ணன் எங்க படிச்சான்?"

"முதல் நாள் என்னைக் கையைப் பிடிச்சு அங்க கூட்டிக்கினு போனதே அவன்தாண்ணா" என்றாள்.

கம்ப்யூட்டர் கேட்டால், ரேஷன் கடையில் கேட்டது போல உள்ளதை உள்ளபடி சொல்வதுதான் அன்றைக்கு எங்கள் ஜனங்களின் வழக்கம்.

"பொய் எழுதும்மா. படிக்காத ஸ்கூல் பேரைப் போடு. உன் மெயில் பொட்டிகிட்ட நீ பொய் சொன்னா எவனுக்கு நஷ்டம்?"

கீபோர்டில் கை வைத்தவள் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "அண்ணா, நீங்களும் கொஞ்சம் திரும்பிக்கோங்க."

எனக்குச் சுருக்கென்றது. உதவி செய்கிறவனையே சந்தேகப்படுகிறாளே என்று கோபமும் வந்தது. ஆனாலும் திரும்பி நின்றேன். பிறகு, முந்தைய பதில் தன்னுடையதல்ல என்று ஆஸ்பத்திரிக்கு விளக்கி எழுதினாள். அவர்கள் மறுபடியும் கூப்பிட்டார்கள். மஸ்கட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

பூட்டு எவ்வளவு பெரியது என்பதை விட, யாருக்குப் பயந்து பூட்டுகிறோம் என்பதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். அந்த வேலையில் நான் கற்றது இதுதான்.

அவளுக்கு விசா வருவதற்குள் அவள் அண்ணன் ஒருநாள் கடைக்கு வந்தான். பழகியவன், டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "அந்தக் கேள்விக்கு இன்னா பதில் போட்டு வச்சிருக்கா, சொல்லு மச்சான்" என்றான்.

"தெரியாதுப்பா" என்றேன். அவன் முகத்தை நேராகப் பார்த்தே சொல்ல முடிந்தது.