நான் மஞ்சள் பூசிய கல்

எங்கள் தெருவின் சாக்கடைத் தண்ணீர் முழுவதும் என் நிலத்தில்தான் வந்து சேருகிறது. நானே கொடுத்த இடம். முன்பு அது கிரிவலப் பாதை ஓரத்தில் தேங்கி, கொசுவும் நாற்றமுமாகக் கிடந்தது. அதைச் சுத்திகரிக்கத் தொட்டியும் ஜல்லிப் பாத்தியும் கட்ட இடம் கேட்டபோது ஊரில் ஒருவரும் ஒரு முழம் தரவில்லை. வாய் கிழியப் பேசுகிறவர்கள் எல்லாம் தலையைக் குனிந்துகொண்டார்கள். கடைசியில் என் கிணற்றுக்கு மேட்டில் இருந்த துண்டு நிலத்தைக் கொடுத்தேன்.

கசடு தொட்டியில் தங்கிவிடும். தண்ணீர் ஜல்லிக்குள் மெதுவாக ஊறி, அதில் நட்ட கல்வாழை வேர்களைத் தாண்டித் தெளிந்து, என் மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலைக்குப் பாயும். ஜல்லி அடைத்துக்கொண்டால்தான் ஆபத்து. பாத்தி வழிந்து நேராகக் கிணற்றில் இறங்கும். அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் நாங்கள் குடித்துவந்தோம்.

கல்வாழை ஆளுயரம் வளர்ந்ததும், பௌர்ணமிக்கு வரும் ஆண்களுக்கு அது ஒதுங்கத் தோதான மறைவாகிவிட்டது. கத்திப் பார்த்தேன். "சாக்கடைதானேம்மா, இதுக்குப் போயி கத்தறியே" என்றான் ஒருவன், வேட்டியை இறக்காமலே. கையில் மண்வெட்டி இருந்தும் நான் சும்மா விட்டது அவன் செய்த புண்ணியம்.

மறுநாள் மலையடிவாரத்தில் கிடந்த ஒரு கல்லைக் கொண்டுவந்து பாத்தியின் ஓரத்தில் நட்டேன். மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தேன். 'செருப்போடு வராதீர்' என்று தகரத்தில் எழுதிக் கட்டினேன். அடுத்த பௌர்ணமிக்கு ஒருத்தனும் அங்கே ஒதுங்கவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அந்தச் சிரிப்புக்குத்தான் இப்போது அனுபவிக்கிறேன்.

என் ஓரகத்தி, வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி, பௌர்ணமிதோறும் அன்னதானம் போடுகிறவள். ஊரில் அவளுக்கு அப்படி ஒரு நல்ல பேர். எனக்கு அவளைக் கண்டாலே ஆகாது. சாக்கடைக்கு இடம் கேட்டபோது முதலில் எழுந்து போனவள் அவள்தான்.

ஒரு பௌர்ணமி கழிந்த காலையில் போய்ப் பார்த்தால் பாத்தி வழிந்துகொண்டிருந்தது. கல்வாழை அடியெல்லாம் சாம்பார் சோறு, எண்ணெய்ப் பிசுக்கு. ஜல்லியைக் கிளறினால் கூழாக வந்தது. ஓடிப்போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தேன். தண்ணீரின் மேல் சோறு மிதந்தது.

திரும்பினால், ஓரகத்தி அண்டாவோடு வருகிறாள்.

"அக்கா, இன்னா பண்றீங்க? சாக்கடைப் பாத்தியில சோத்தக் கொட்றீங்களே!"

"சாமி சோறும்மா. ஜாஸ்தியாப் பூடுச்சுன்னா கால் படற எடத்துல கொட்டக் கூடாது இல்ல? இங்கதான் யாரும் செருப்புப் போட்டுக்குனு வர்றதில்ல. மூணு மாசமா இங்கதான் கொட்றேன்."

"ஐயோ, அது சாமியே இல்லக்கா! நான்தான் நட்டேன். ஒண்ணுக்குப் போறவனுங்கள வெரட்டறதுக்கு."

அவள் அண்டாவைக் கவிழ்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். "உனக்கு எப்படித் தோணுச்சு? ஆத்தாதான் தோண வெச்சிருக்கா" என்றாள்.

கல்லைப் பிடுங்கப் போனேன். சத்தம் கேட்டுத் தெருவே கூடிவிட்டது. தகரத்தில் இருப்பது என் கையெழுத்து என்று காட்டினேன். நான் மஞ்சள் வாங்கிய கடைக்காரனையே சாட்சிக்கு இழுத்தேன். அவன் கல்லைப் பார்த்துக் கும்பிட்டான். என் வீட்டுக்காரர்கூட, "உட்டுடு, ஊர் வம்பு நமக்கு எதுக்கு" என்று என்னைத்தான் இழுத்துக்கொண்டு போனார். சாக்கடைக்கு ஒரு முழம் தராத ஊர், சாமிக்கு என் நிலத்தை மொத்தமாக எடுத்துக்கொண்டது.

கிணற்றை இரண்டு முறை இறைத்துவிட்டோம். நாற்றம் போகவில்லை. ஜல்லியை வாரிக் கழுவினால் பாத்தி பிழைக்கும். ஆனால் சாமி இருக்கிற இடத்தில் கடப்பாரை போடக் கூடாதாம். அன்னதானச் சோறு மட்டும் தவறாமல் வந்து விழுகிறது.

இப்போது குடிதண்ணீருக்கு ஓரகத்தி வீட்டுக் குழாயில் குடம் பிடிக்கிறேன். திரும்பும் வழி பாத்தியை ஒட்டித்தான். நேற்று அவசரத்தில் செருப்போடு வந்துவிட்டேன். அவள் வாசலிலிருந்தே கத்தினாள்.

"அங்க செருப்பக் கழட்டிட்டுப் போ!"

இடுப்பில் அவள் வீட்டுத் தண்ணீர் இருந்தது. கழற்றினேன்.