ஒற்றை நட்சத்திரம் வாங்கிய என் சாண்ட்விச் கடை

போன வருஷம் ஆடி மாதம் நடந்தது இது. பெரம்பலூர் பாலக்கரையிலிருந்து கலெக்டர் ஆபீஸ் போகிற ரோட்டில் எனக்கு ஒரு சாண்ட்விச் கடை இருக்கிறது. கடை என்றதும் கண்ணாடிக் கதவு, ஏசி என்றெல்லாம் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு ஷட்டர், இரண்டு கிரில் மெஷின், ஒரு ஃப்ரிட்ஜ், முன்னால் நின்று சாப்பிட நீளமாக ஒரு பலகை. உள்ளே நான். காலையில் வெங்காயம் உரித்துக் கொடுத்துவிட்டு லோடு வண்டி ஓட்டப் போகிற என் வீட்டுக்காரர். அவ்வளவுதான்.

இந்த ஊரில் ரொட்டி என்றாலே காய்ச்சல்காரர் சாப்பாடு. கடை ஆரம்பித்த புதிதில், "ஏங்க்கா, ஒடம்பு நல்லா இருக்கும்போதே ரொட்டி திங்கணுமா?" என்று கேட்காத ஆள் இல்லை. அப்புறம் ஆளுக்கொரு யோசனை சொல்ல ஆரம்பித்தார்கள். சாஸ் இனிக்குது, சட்னி வையுங்க என்றார் ஒருத்தர். நம்ம ஊர் சின்ன வெங்காயத்தை வதக்கிக் காரமாகச் சட்னி அரைத்தேன். உருளைக்கிழங்கில் கறிவேப்பிலை போடுங்க என்றார்கள், போட்டேன். ஊறுகாய் இருக்கா என்று ஒருத்தர் கேட்டார். அதற்கு மட்டும் மசியவில்லை. இப்படிப் பக்கத்து ஆபீஸ்காரர்கள் எல்லாருமாகச் சேர்ந்து செய்த சாண்ட்விச் அது. மதியம் ஒரு மணிக்கு வரிசை நிற்கும். போனில் கடை பெயரைத் தட்டினால் வருகிற நட்சத்திரங்களை ராத்திரி படுக்கும்முன் ஒரு தடவை பார்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

ஆடி பிறந்தால் என் கடைக்குப் புது வாடிக்கையாளர்கள் இரண்டு மூன்று பேர் கூடுவார்கள். எல்லாரும் புது மாப்பிள்ளைகள். பெண்டாட்டியை ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போயிருப்பார்கள். இவர்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து, "சீஸ் கொஞ்சம் சேத்துப் போடுங்க்கா" என்பார்கள். அந்த ஆடியில் அப்படி வந்தவர்தான் எதிர் மாடியில் இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்க்கிற தம்பி. வைகாசியில் கல்யாணம். மனைவிக்கு உடையார்பாளையம் பக்கம். நல்ல பிள்ளை, பேச்சில் அவ்வளவு மரியாதை.

ஒரு செவ்வாய்க்கிழமை. ஆடி செவ்வாய் என்பதால் கடையில் முட்டை கிடையாது. அந்தத் தம்பி உருளைக்கிழங்கு சாண்ட்விச் வாங்கி, பாதியைத் தின்றுவிட்டு மீதியை வைத்துவிட்டுப் போனார். ஆபீசில் அவசர வேலை போல என்று நினைத்துக்கொண்டேன். கடையைக் கழுவிக்கொண்டிருக்கும்போது எதிர் மாடியில் ஒரே களேபரம். இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடித்து அவரை ஆட்டோவில் ஏற்றினார்கள். நிற்காத வாந்தி, கண் செருகிப்போய்க் கிடந்தார். ஆட்டோ கிளம்பும்போது கூட இருந்தவர் என் கடையைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை என்னால் சொல்ல முடியாது.

மறுநாள் காலையில் போனைத் திறந்தால் ஒற்றை நட்சத்திரம். ஊசி குத்தி டிரிப்ஸ் ஏறுகிற ஒரு கையின் படம். கீழே, 'இந்தக் கடையில் சாப்பிட்ட என் கணவர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். உயிர் மேல் ஆசை இருந்தால் போகாதீர்கள்' என்று எழுதியிருந்தது.

என்ன தப்பு செய்தேன் என்று யோசித்து யோசித்து மண்டை காய்ந்தது. பச்சை முட்டையில் மயோனைஸ் செய்யக் கூடாது என்று அரசாங்கம் சொன்ன நாளிலிருந்து நான் பாலும் எண்ணெயும் வைத்துத்தான் அடிக்கிறேன். அன்றன்றைக்குச் செய்வதுதான். ஆனால் செவ்வாய்க்கிழமை கரண்ட் கொஞ்ச நேரம் போய் வந்தது. அந்த நேரத்தில் பால் திரிந்திருக்குமோ? கிழங்கு பழசோ? சட்னியில் தண்ணீர் சரியில்லையோ? ஃப்ரிட்ஜில் ஒரு கிண்ணத்தில் செவ்வாய்க்கிழமை மயோனைஸ் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதை எடுத்து வழித்து வாயில் போட்டுக்கொண்டேன். பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் பதறிப்போய், "ஒனக்குக் கிறுக்கு புடிச்சிருச்சா? ஆஸ்பத்திரில ரெண்டாவது கட்டிலு கேக்குதா?" என்று சத்தம் போட்டார். எனக்கும் வாந்தி வந்துவிட்டால் தேவலை, காரணமாவது தெரிந்துவிடும் என்றுதான் அந்த நேரம் தோன்றியது. எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. அதனால் நிம்மதியும் வரவில்லை. என் உடம்பு தாங்கியது அந்தத் தம்பிக்குத் தாங்கவில்லையோ என்னவோ என்று மனசு அடுத்த கணக்குப் போட்டது.

அன்று மதியம் வரிசை இல்லை. செவ்வாய்க்கிழமை அதே கிழங்கையும் அதே சட்னியையும் எத்தனையோ பேர் சாப்பிட்டிருந்தார்கள். சாப்பிட்ட அன்று யாருக்கும் ஒன்றும் இல்லை. அந்தப் படம் ஆபீஸ் குரூப்புகளில் சுற்ற ஆரம்பித்ததும், ஒருத்தர் தனக்கும் வயிறு என்னமோ பண்ணியது என்றார். இன்னொருத்தர் அன்றைக்கே வாசம் ஒரு மாதிரி இருந்தது என்றார். சாப்பிட்டுவிட்டு, "அக்கா, இன்னைக்கு சூப்பர்" என்று சொல்லிவிட்டுப் போனதும் இவர்தான். யாரைக் குறை சொல்வது? நானாக இருந்தாலும் அப்படித்தான் வயிற்றைத் தடவிப் பார்த்திருப்பேன்.

சாயங்காலம் நாலு சாத்துக்குடி வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். போகாதே, போனால் நாமே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று என் வீட்டுக்காரர் தடுத்தார். என்னால் வீட்டில் உட்கார முடியவில்லை. அந்தத் தம்பி கண்ணைத் திறந்து பேசுகிறாரா என்று பார்த்தாக வேண்டும்.

கட்டில் பக்கத்தில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். தாலிக்கயிற்றில் மஞ்சள்கூட மங்கவில்லை, சின்னப் பெண். நான் யாரென்று சொன்னதுதான் தாமதம், பிடித்துக்கொண்டாள். "நீங்க நாலு காசு பாக்குறதுக்கு எங்க வாழ்க்கைதான் கெடச்சுதா?" என்று ஆரம்பித்து, கேட்கக் கூடாததெல்லாம் கேட்டாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். அவளுடைய அம்மா, தம்பிக்கு மாமியார், அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "ஏம்மா, அவரு முழுசாச் சாப்புட்டாரா?" பாதிதான் சாப்பிட்டார், வந்தபோதே முகம் ஒரு மாதிரி இருந்தது என்றேன். அந்த அம்மா திரும்பி மருமகனைப் பார்த்தார். அவர் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார். என் முகத்தில் முழிக்கப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். பிழைத்துக்கொண்டார் என்பது மட்டும்தான் அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஆறுதல். சாத்துக்குடியை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை ஒரு ஈ, காக்கா வரவில்லை. யாராவது புகார் கொடுத்து, அதிகாரிகள் வந்து சீல் வைப்பார்கள் என்று ஒவ்வொரு ஜீப்பையும் பார்த்துப் பயந்தேன். அதைவிடப் பெரிய பயம் ஒன்று உள்ளே இருந்தது. கடை போனால் போகட்டும், வேறு பிழைப்புப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் என் கையால் கொடுத்த சாப்பாடு ஒரு பிள்ளையைச் சாகக் கிடத்திவிட்டது என்றால், அப்புறம் என் பிள்ளைகளுக்கு எப்படிச் சோறு போடுவேன்? அன்று ரசம் வைத்துவிட்டு, அதைப் பிள்ளைகள் தட்டில் ஊற்றும்போது என் கை நடுங்கியது.

வெள்ளிக்கிழமை மதியம். மனசு கேட்காமல் வந்த பழைய வாடிக்கையாளர்கள் நாலைந்து பேர் பலகை ஓரம் நின்றிருந்தார்கள். அவர்களில் இன்சூரன்ஸ் ஆபீஸ் மேடம் ஒருத்தரும் இருந்தார், ஆனால் ஜூஸ் மட்டும்தான் கேட்டார். அப்போது அந்தத் தம்பியின் மாமியார் ஒரு கட்டைப்பையைத் தூக்கிக்கொண்டு ரோட்டைக் கடந்து வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். வந்தவர் பையைத் தரையில் வைத்தார். உள்ளே ஒரு எவர்சில்வர் தூக்கு. மூடி இருந்தும் நாற்றம் குடலைப் பிடுங்கியது.

"இது என் தூக்கும்மா" என்றார், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "ஞாயித்துக்கெழம மாப்ள தனியா இருக்காரேன்னு வெரா மீனு வாங்கி, கொழம்பு வச்சு நாந்தான் கொண்டாந்து குடுத்தேன். ராத்திரியே தீத்துருங்க மாப்ளன்னு சொல்லிட்டுத்தான் போனேன். அவரு ருசியா இருக்குன்னு சுட வச்சுச் சுட வச்சு செவ்வாக்கெழம காலையில வரைக்கும் தின்னுருக்காரு. நேத்து வூட்டக் கூட்டிப் பெருக்கலாம்னு போனா, அடுப்புக்குக் கீழ இது இருக்கு. தொறந்தா பொங்கி நொரச்சுக் கெடக்குது. மூடியத் தொறந்து காட்டவா?"

நின்றவர்கள் எல்லாரும் ஒரே குரலில் வேண்டாம் என்று பின்னால் போனார்கள். ஆடி வெள்ளியில் மீன் குழம்பு வாசம் பிடித்ததற்கு யாரும் கோபப்படவில்லை.

அந்தத் தம்பி ஏன் மறைத்தார் என்பதையும் அந்த அம்மாவே சொன்னார். கல்யாணம் ஆகி முதன்முதலாக மாமியார் கையால் ஆக்கிக் கொண்டுவந்த குழம்பு. அதைத் தின்று ஆஸ்பத்திரியில் கிடக்கிறேன் என்று பெண்டாட்டியிடம் எப்படிச் சொல்வது? போதாததற்கு, ஆடி செவ்வாய் அன்று கவிச்சி தின்றது வேறு. கடைசியாக என்ன சாப்பிட்டீர்கள் என்று டாக்டர் கேட்க, பாதி மயக்கத்தில் சாண்ட்விச் என்று சொல்லிவிட்டார். அது பொய்யும் இல்லையே. மனைவி அதைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் வாயைத் திறக்க வழியில்லாமல் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார் பாவம்.

"தூக்கக் கொண்டுபோயி நேரா டாக்டர்கிட்டயே காட்டுனேன். கெட்டுப்போன மீனாத்தாம்மா இருக்கும்னு சொன்னாரு. மாப்ள கையப் புடிச்சுகிட்டு, யாருகிட்டயும் சொல்லாதீங்க அத்தேன்னு கெஞ்சுனாரு. மககிட்டச் சொல்லிட்டேன். அவ அவர வாங்கு வாங்குன்னு வாங்கிட்டா. நான் மாப்ளைய என்னத்தச் சொல்றது? ஒங்ககிட்டச் சொல்லாம ஊருக்குப் பஸ் ஏற மனசு வரல" என்றார்.

பிரெட் வெட்டுகிற கத்தியைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு விக்கி விக்கி அழுதேன். கடை பிழைத்ததற்காக அழுதேன் என்று நின்றவர்கள் நினைத்திருப்பார்கள். அதுவும் உண்டுதான். ஆனால் மூன்று நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்று இறங்கியது அப்போது. என் கை யாருக்கும் விஷம் கொடுக்கவில்லை. இரண்டு கையையும் விரித்து ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

அந்த அம்மா என்னைச் சமாதானப்படுத்தவெல்லாம் இல்லை. தூக்கை எடுத்துக்கொண்டுபோய் எதிரே சாக்கடை ஓரம் தள்ளி வைத்துவிட்டு வந்து, கையை நன்றாகக் கழுவிக்கொண்டு, "அந்த ரொட்டியத்தான் ஒண்ணு குடேன், எப்புடித்தான் இருக்குன்னு பாப்போம்" என்றார். வாழ்க்கையில் அவர் சாப்பிட்ட முதல் சாண்ட்விச் அது. கிரில் போட்டுக் கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்து, எல்லாரும் பார்க்கப் பார்க்க நிதானமாகச் சாப்பிட்டார். முடித்துவிட்டு, "உப்புக் கம்மி. மத்தபடி நல்லாத்தான் இருக்கு" என்றார். பக்கத்தில் நின்ற இன்சூரன்ஸ் மேடம் ஜூஸைத் தள்ளி வைத்துவிட்டு, தனக்கும் ஒன்று போடச் சொன்னார்.

அன்று சாயங்காலமே அந்த ஒற்றை நட்சத்திரம் காணாமல் போய் அந்த இடத்தில் ஐந்து நட்சத்திரம் வந்திருந்தது. 'தவறுதலாக எழுதிவிட்டேன், கடைக்கார அக்கா மன்னிக்கவும். சாண்ட்விச் நன்றாக இருப்பதாக என் அம்மா சொல்கிறார்' என்று எழுதியிருந்தாள் அந்தப் பெண். திங்கட்கிழமை மதியம் வரிசை ரோட்டுக்கு வந்துவிட்டது. வாசம் ஒரு மாதிரி இருந்தது என்று சொன்னவர் இரண்டாவது ஆளாக நின்றுகொண்டு, "என்னக்கா, இன்னைக்குக் காரம் கம்மியா இருக்கு?" என்றார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. அந்தத் தம்பி மட்டும் ஆடி முடிகிறவரை என் கண்ணில் படவே இல்லை. ஆவணி பிறந்ததும் பெண்டாட்டியோடு வந்து, தலையைக் குனிந்தபடி இரண்டு சாண்ட்விச் கேட்டார். அவருக்குச் சீஸ் சேர்த்துத்தான் போட்டேன்.

நட்சத்திரத்தை இப்போதெல்லாம் நான் தினமும் பார்ப்பதில்லை. அந்த அம்மாவைத்தான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். முதல் வருஷ மருமகன், புதுச் சம்பந்தம், தன் சமையலைப் பற்றி நாலு பேர் என்ன பேசுவார்கள் என்கிற கூச்சம், எல்லாம் அவருக்கும் இருந்திருக்கும். எனக்கும் அவருக்கும் முன்பின் ஒரு பழக்கமும் கிடையாது. அந்தத் தூக்கை அன்றைக்கே தேய்த்துக் கழுவிக் கவிழ்த்திருந்தால் ஒரு ஜீவனுக்கும் தெரிந்திருக்காது. கழுவாமல் தூக்கிக்கொண்டு வந்து நாலு பேர் நடுவில் வைத்தாரே, அதனால்தான் இன்றைக்கும் என் பிள்ளைகள் தட்டில் கை நடுங்காமல் என்னால் சோறு போட முடிகிறது.