கழன்ற கோடாலிக்கும் ஒரு சட்டம்

பிஜித் தீவின் ரக்கிரக்கியில் நானும் தம்பியும் ஏறிய பஸ்ஸில் ஒரு வேதக்காரர் எங்களுக்கு முன் சீட்டில் இருந்தார். செம்பட்டை மீசை, கறுப்புக் கோட்டு, செருப்பில்லாத கால்கள். மடியில் பைபிள். பிடித்த வரி வந்தால் தொடையில் தட்டிச் சத்தமாகச் சிரிப்பார்.

என் தம்பி சிரிக்கிற நிலையில் இல்லை. மரம் வெட்டும்போது அவன் கோடாலி காம்பிலிருந்து கழன்று பறந்து, கூட வெட்டிய கூட்டாளி இறந்துபோனார். போலீஸ் விட்டுவிட்டது. இறந்தவரின் அண்ணன் விடவில்லை. பழி வாங்குவேன் என்றார். அன்றுமுதல் தம்பி வாயே திறக்கவில்லை. அவனை வரதோலி ஊரில் மாமா வீட்டில் விடத்தான் அழைத்துப் போனேன்.

கூச்சத்தை விழுங்கிக்கொண்டு அவரிடம் நடந்ததைச் சொன்னேன். "உங்க வேதத்துல கொலை செய்யாதேன்னு இருக்காமே. இவன் பாவியா?"

அவர் துள்ளித் திரும்பினார். "அரே, அண்ணே! அந்த ஒரு வரியோட, சட்டம் எழுதின மோசே நிறுத்தலியே! பின்னால விரிச்சுச் சொல்றாரு. காம்புலேருந்து கோடாலி கழண்டு ஒருத்தன் செத்தா..."

"கோடாலியா? கோடாலின்னே இருக்கா?" தம்பியின் குரல்!

"கோடாலியேதான்! உனக்குச் செத்தவன்மேல பகை உண்டா?"

"ஒரே தட்டுல சாப்பிட்டோம்."

"அப்ப நீ கொலைகாரன் இல்ல. உன்னைப்போல ஆளு ஓடிப்போய்த் தங்க அந்தச் சட்டத்துல ஊரே ஒதுக்கியிருக்கு. தீர்ப்பு பெரியவங்க கையில, பழி வாங்குறவன் கையில இல்ல. வரதோலிதான் உன் ஊரு, போ!"

அவர் வழியில் தவுவாவில் இறங்கினார். தம்பி பஸ் முழுவதற்கும் கத்தினான்: "கோடாலின்னே இருக்கு!"

அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. அவ்வளவு பழைய சட்டத்துக்கு ரக்கிரக்கிக் கோடாலி எப்படித் தெரிந்தது என்று இன்றும் யோசிக்கிறேன்.