கன்னத்தில் ஒரு விரல்

பட்டாசுக் கம்பெனி விபத்தில் என் இடது கன்னம் வெந்து சுருங்கிய பிறகு, பஸ்ஸில் எப்போதும் இடது பக்க ஜன்னலோரம்தான் உட்காருவேன். அப்படி உட்கார்ந்தால் அந்தக் கன்னம் யார் கண்ணிலும் படாது.

ஒரு நாள் விருதுநகரிலிருந்து சிவகாசிக்குத் திரும்பும்போது, ஏழெட்டு வயதுச் சிறுமியோடு ஒரு பெண் கூட்டத்தில் ஏறினாள்.

“யக்கா, இவளைச் சன்னலோரமா உக்கார வச்சுக்கிருவீகளா? இல்லேன்னா ரொம்ப அழுவா. ஆட்டிசம்னு டாக்டர் சொல்லிருக்காக.”

மனமில்லாமல்தான் நகர்ந்தேன். முந்தானையை இழுத்துக் கன்னத்தை மூடிக்கொண்டேன். சிறுமி என்னைப் பார்க்கவேயில்லை. ஜன்னல் கம்பியின் துருவை ஒரு விரலால் தடவிக்கொண்டே வந்தாள்.

பஸ் வேகமெடுத்ததும் காற்றில் முந்தானை விலகியது. என் முகத்தைப் பார்த்தால் பிள்ளைகள் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொள்வார்கள். இவளோ கம்பியிலிருந்து விரலை எடுத்து என் கன்னத்தில் வைத்தாள். ஒவ்வொரு சுருக்கமாக, அவசரமே இல்லாமல் தடவினாள்.

பக்கத்தில் நின்ற தாய் பதறிப்போனாள். “ஐயையோ, கைய எடு தாயி! கோவிச்சுக்கிராதீக யக்கா. அவளா யாரையும் தொடவே மாட்டா.”

“எடுக்கச் சொல்லாதீக. இருக்கட்டும்” என்றேன்.

முகம் கழுவும்போது நானே அந்த இடத்தை அவசரமாகக் கடந்துவிடுவேன். மருந்து போட்ட நர்சுக்குப் பிறகு அதைத் தொட்ட முதல் கை இவளுடையது. அதில் அருவருப்பும் இல்லை, பரிதாபமும் இல்லை. அவள் விரலுக்கு அது பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

ஆமத்தூரில் இருவரும் இறங்கிவிட்டார்கள். பெயர்கூடத் தெரியாத அவளுக்கு இன்றும் மனதுக்குள் நன்றி சொல்கிறேன்.

சிவகாசியில் இறங்கி, கடைவீதிக் கூட்டத்தில் நடந்து, வீட்டுக் கதவைத் திறக்கும்போதுதான் கவனித்தேன். முந்தானை என் தோளிலேயே கிடந்தது.