அறுப்புக்குப் போன புஜங்கள்

என் கணவருக்குச் சிறுநீர் கடுங்காபி நிறத்தில் போனது. அதைக்கூட அவர் சொல்லவில்லை, கொல்லையில் நானே பார்த்தேன். "வெயில் சூடு, சரியாயிடும்" என்றார். மகா வைத்தியர்!

ஜிம்முக்குப் போகிற பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கழக ஆட்சி வந்த புதிது. திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் எங்கள் ஊரிலும் கூலிச் சண்டை. அறுப்புக் கூலியில் அரை மரக்கால் நெல் கூட்டிக் கேட்டு ஆட்கள் வயலில் இறங்க மறுத்துவிட்டார்கள். குறுவைக் கதிர் முற்றிச் சாய்ந்துகொண்டிருந்தது. கொடுத்துத் தொலைத்திருக்கலாம். என்னவருக்கு மானம் போய்விடுமாம். தேகப்பயிற்சி நிலையத்தில் கர்லாக்கட்டை சுற்றி, கண்ணாடி முன் பஸ்கி எடுத்து வளர்த்த உடம்பு. "ஒருத்தனும் வேண்டாம், நானே அறுக்கிறேன்" என்று அரிவாளோடு இறங்கினார்.

கொடியோடு வரப்பில் நின்றவர்கள் தடுக்கவில்லை. ஏன் தடுப்பார்கள்?

கூஜாத் தண்ணீர் வெயில் ஏறுவதற்குள்ளேயே தீர்ந்துவிட்டது. நாக்கு வறண்டு நின்றவரிடம், வரப்பில் நின்ற அஞ்சலை தன் செம்பை நீட்டினாள். எங்கள் வயலில் வருஷாவருஷம் அறுப்பவள் அவள்.

"குடிங்கய்யா, மயங்கி விழுந்துடப் போறீங்க."

அவள் கையால் குடித்தால் சாதி என்னாவது? முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபடி குனிந்தார். நான் வீட்டுக்கு ஓடி மறு கூஜா கொண்டுவருவதற்குள் வரப்பில் சுருண்டு கிடந்தார். மறுநாள் காலையில்தான் அந்தக் காபி நிறம்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்ன பெயர் தசைச் சிதைவு (தாங்காத வேலை கொடுத்ததால் தசை நார்கள் உடைந்து ரத்தத்தில் கலப்பது). அதோடு கலந்துவருவது மயோகுளோபின் (தசைக்குள் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் சிவப்புப் புரதம்). காபி நிறம் அதனால்தான்; உடம்பில் தண்ணீர் குறைந்தால் அது சிறுநீரகத்தில் போய் அடைத்துக்கொள்ளும்.

"பயிற்சி செஞ்ச உடம்பாச்சே டாக்டர்?" என்றேன்.

"எதுக்குப் பழக்கினாரோ அதுக்குத்தாம்மா அது உதவும். நாள் முழுக்கக் குனிஞ்சு அறுக்கிறப்போ முதுகும் பின்தொடையும் நீண்டபடியே பாரம் தாங்கணும். அதுங்களுக்கு அந்தப் பழக்கமே இல்லை." பிறகு அவரைப் பார்த்து, "தண்ணி குடிச்சீங்களா?" என்றார்.

"கிடைக்கலை."

"கிடைச்சுது டாக்டர்" என்றேன் நான். "கொடுத்த கைதான் இவருக்குப் பிடிக்கலை."

சலைன் ஏற்றினார்கள். சிறுநீர் பிரிந்தால் பிழைப்பார், பிரியாவிட்டால் கஷ்டம் என்றார் டாக்டர். இந்த மனுஷனுக்காகவா அழுகிறேன் என்று எனக்கே ஆத்திரமாக வந்தது. ஆனாலும் தாழ்வாரத்தில் நின்று அழுதேன். அங்கிருந்தே ஊருக்கு ஆள் அனுப்பினேன்: கேட்ட அரை மரக்காலைக் கொடுத்துவிடுவோம், அறுக்கச் சொல்லுங்கள். அவரிடம் கேட்கவில்லை.

சிறுநீர் பிரிந்தது. மெல்ல மெல்ல நிறம் வெளுத்தது. புஜம் இரண்டும் வற்றி, சட்டை தொளதொளவென்று ஆன பிறகு ஊர் திரும்பினோம்.

அடுத்த அறுப்பின்போது வயலைப் பார்க்க வந்தவருக்குத் தாகம். தாகத்தை அடக்கவே கூடாதென்பது டாக்டர் கட்டளை. "வீட்டுக்குப் போய்க் கொண்டா" என்றார் என்னிடம்.

"அஞ்சலைகிட்ட இருக்கு. கேளுங்க."

"ஏ, இங்க வா" என்றார். அவள் நிமிரவில்லை. "அஞ்சலை!" அரிவாள் நிற்கவில்லை.

"அஞ்சலை, கொஞ்சம் தண்ணி கொடும்மா."

கொடுத்தாள். செம்பு காலியாகும்வரை நானும் அவளும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"அன்னிக்கும் இதே தண்ணிதான்யா" என்று சொல்லிவிட்டுக் குனிந்து அறுக்கப் போனாள்.

எங்கள் வீட்டில் இப்போது கடிகாரம் பார்த்து யாரும் எழுவதில்லை. கொல்லையிலிருந்து "தெளிவா இருக்குடி" என்று குரல் வரும். அதன் பிறகுதான் எனக்குப் பொழுது விடிகிறது.