கம்ப்யூட்டரில் அடித்த பிள்ளையார் மணி

கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் அடுக்ககத்தின் வாசலில் ஒரு பிள்ளையார் கோயில் உண்டு. அதன் வெண்கல மணியைச் சங்கத்தார் ஒரு நாள் கழற்றிவிட்டார்கள். முதல் மாடிக்காரர் அமெரிக்காவுக்காக ராத்திரி முழுக்க உழைக்கிறவர். காலையில் மணி அடித்தால் அவர் தூக்கம் கெடுகிறதாம். பிள்ளையார் மெயின்டனன்ஸ் கட்டுவதில்லை, அவர் கட்டுகிறார்.

அது மூன்றாம் மாடியில் எங்கள் தலையில் விடிந்தது. அப்பாவுக்கு முட்டி வலி, கீழே இறங்க முடியாது. மணிச் சத்தம் கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்ட பிறகுதான் இட்லியில் கை வைப்பார். மணி நின்றதும் இட்லியும் நின்றது. வெறும் காபியோடு சுகர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஒரு நாள் குளியலறை வாசலில் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டார். எனக்கு உண்மையிலேயே பயமாகிவிட்டது.

சங்கத்தில் போய்ச் சண்டை போட்டிருக்கலாம். ஆனால் நான் சாப்ட்வேர்காரன். நாலு வார்த்தை பேசினால் முடிகிற காரியத்துக்கு நாலு வாரம் புரோகிராம் எழுதுகிறவன்.

கம்ப்யூட்டரிலேயே மணிச் சத்தத்தை உண்டாக்க உட்கார்ந்தேன். முதலில் செய்த மணியைக் கேட்டு, "குப்ப வண்டி வந்துட்ச்சா?" என்றார் அப்பா. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்: நிஜ மணியில் ஒரே அடிக்கு ஒன்றோடொன்று ஒத்துப்போகாத பல சுரங்கள் கிளம்புமாம், எங்கள் சங்கக் கூட்டம் மாதிரி. கீச்சுக் குரல்கள் சீக்கிரம் அடங்கிவிடும். அடியில் ஒன்று மட்டும் நெளிந்து நெளிந்து நீளும். எல்லாவற்றையும் எண்களாக்கிக் கம்ப்யூட்டருக்கு ஊட்டினேன்.

"பரவால்ல. இப்ப பஞ்சுமிட்டாய்க்காரன் மணி மாதிரி கீது. இதுக்காடா உன்ன படிக்க வச்சேன்?" என்றார்.

இனி இவரிடம் கருத்தே கேட்பதில்லை என்று ரோஷம் வந்துவிட்டது. மணியின் நாக்கு மோதும் ஓசையையும் சேர்த்தேன். ஒரு நாள் காலை யாருக்கும் சொல்லாமல் பால்கனியில் துணிக்கூடைக்குப் பின்னால் ஸ்பீக்கரை வைத்துவிட்டு, பூசை நேரத்துக்கு அறைக்குள்ளிருந்து பட்டனைத் தட்டினேன்.

அப்பா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பால்கனிப் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நாலு வாரத்தில் முதல் பாராட்டு. அதையும் வெளியே சொல்லிக்கொள்ள முடியாது.

"பிள்ளையாரப்பா, மணியத் திருப்பிக் கட்டிட்டாங்க. கட்டினவன் நல்லா இருக்கணும்," என்று வாய்விட்டே வேண்டினார். "அப்படியே என் புள்ளைக்கும் நல்ல புத்தியக் குடு. பொழுதன்னிக்கும் கம்ப்யூட்டர்ல டொங்கு டொங்குனு தட்டிக்கினு கீறான். அந்தப் பைத்தியம் தெளியணும்."

வேண்டுதல் நடுவில் மணி நிற்கக் கூடாதே. இன்னொரு முறை பட்டனைத் தட்டினேன். அப்பா மனம் குளிர்ந்து இட்லியில் கை வைத்தார்.