மகாராணியும் சித்தியோட இடது கையும்

எங்க சித்தி என்ன வேலை பாக்கறாங்கன்னு யாராவது கேட்டா, எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு பேச்சு வருமோ! குதிரைக்கும் நாய்க்கும் ஆஸ்டியோபதி பாக்கறாங்க. ஊசி கெடையாது, மாத்திரை கெடையாது, ரெண்டு கை மட்டும்தான். முதுகெலும்போட ரெண்டு பக்கமும் கைய வெச்சு, கண்ண மூடிக்கிட்டு, எந்த மூட்டு இறுகிக் கெடக்கு, எந்தத் தசை முறுக்கிக்கிட்டு நிக்குதுன்னு தேடுவாங்க. கண்டுபிடிச்சதும் மெதுவா, கெஞ்சற மாதிரி தளர்த்தி விடுவாங்க. வலி விட்டுச்சுன்னா குதிரை தலையத் தொங்கப் போட்டு, சும்மாவே வாய மென்னு, பெருசா ஒரு கொட்டாவி விடும். "எனக்குக் கெடைக்கற கைதட்டல் அதுதான்"னு சித்தி சொல்வாங்க.

வீட்டுல மட்டும் இதுக்கு மரியாதையே இல்ல. சித்தப்பா பஸ் டிரைவர். வேலை முடிஞ்சு வந்து இடுப்பப் பிடிச்சுக்கிட்டு சோபால விழுவார்.

"ஊர்ல இருக்கற நாய்க்கெல்லாம் பாக்கறா, கட்டின புருஷனப் பாக்க நேரமில்ல. நானும் ரெண்டு தடவ குலைச்சுக் காட்டணும் போல."

"உங்களுக்கு வாலும் இல்ல, பொறுமையும் இல்ல. வலி கொறைஞ்சுதான்னு எத வெச்சுக் கண்டுபிடிக்கறது?"

அப்படிப்பட்ட சித்திய போன வருஷம் ஒரு குதிரை ஆட்டி வெச்சிருச்சு.

ஊருக்கு வெளிய குதிரை ஓட்டக் கத்துக்குடுக்கற பள்ளி ஒண்ணு இருக்கு. அத நடத்தறவர எல்லாரும் மாஸ்டர்னுதான் கூப்பிடுவாங்க. அவரோட பழுப்புப் பெண்குதிரை பேரு மகாராணி. குழந்தைங்க பிடரிய இழுத்தாலும் பல்லக் கடிச்சுக்கிட்டு நிக்கும், அவ்வளவு சாது. அது திடீர்னு இடது பக்கம் திரும்ப மாட்டேன்னு அடம் பிடிக்க ஆரம்பிச்சுது. ஒரு நாள் மேல இருந்த பொண்ண உதறிக் கீழ தள்ளிருச்சு. நல்ல வேளை, வாய்ல மண்ணு போனதோட சரி. கால்நடை டாக்டர் எக்ஸ்ரே எடுத்துட்டு, எலும்புல ஒண்ணும் இல்ல, தசைதான் பிடிச்சிருக்குன்னு சித்திய வரச் சொன்னார்.

சித்தி போனாங்க. இடது பக்கம் மரக்கட்ட மாதிரி இருந்துது. தளர்த்தி விட்டாங்க. சரியாகல. மறுபடி போனாங்க, மறுபடி அதே இடது பக்கம். குதிரைக்கு இன்னும் மோசமாச்சு, சித்தியப் பாத்தாலே காத மடக்கிக்க ஆரம்பிச்சுது. கொட்டாவி? மூச்!

மாஸ்டர் வேலியப் பாத்துக்கிட்டே சொன்னாராம்: "ஏம்மா, இத நான் குடுத்துடப் போறேன். குழந்தைங்கள ஏத்த பயமா இருக்கு. ஒருத்தர் கேட்டிருக்கார். சனிக்கிழம வண்டி வருது." அவரோட சொந்தப் பொண்ணே அந்த முதுகுலதான் ஓட்டக் கத்துக்கிட்டா. அவர் முகத்தப் பாக்க முடியல சித்தியால.

வீட்டுக்கு வந்து சாப்பிடாம தரையில உக்காந்துட்டாங்க. பக்கத்துல அவங்க நாய், சோம்பேறி. பேருக்கேத்த ஆளு. வெயில் நகர்ந்தா தானும் நகரும், அதுதான் அதோட உடற்பயிற்சி. பழக்கதோஷம், கை தானா அது முதுகுக்குப் போச்சு. இடது பக்கம் மரக்கட்ட! இவனுக்குமா? சித்தி எழுந்து, அதோட தலைப்பக்கம் வந்து உக்காந்து மறுபடி வெச்சாங்க. இப்ப வலது பக்கம் மரக்கட்ட! நாயத் திருப்பிப் போட்டாங்க. மறுபடியும் திருப்பிப் போட்டாங்க.

"நாய ஏன்டி கடிகார முள்ளு மாதிரி சுத்தற?"ன்னு சித்தப்பா சோபாலேந்து எட்டிப் பாத்தார்.

"பேசாம இங்க வந்து குப்புறப் படுங்க."

"அப்பாடா, என் முறை வந்துருச்சு!"

சித்தப்பாவ கால்பக்கம் நின்னு ஒரு தடவ, தலைப்பக்கம் நின்னு ஒரு தடவ தொட்டுப் பாத்துட்டு சித்தி கைய எடுத்துட்டாங்க.

"என்ன, எனக்கு ஏதாவது பெரிய வியாதியா?"

"உங்களுக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான்."

இடது கை எந்தப் பக்கம் போச்சோ அந்தப் பக்கமெல்லாம் மரக்கட்ட! அப்ப மரத்துப் போனது குதிரை இல்ல, சித்தியோட விரல்! கொஞ்ச நாளா விரல் நுனி மதமதன்னு இருந்துருக்கு, குளிர்னு நெனச்சு விட்டுட்டாங்க. ஆஸ்பத்திரில காட்டினதும், மணிக்கட்டுல நரம்பு அமுங்கியிருக்குன்னு டாக்டர் சொன்னார். எனக்கு சித்திகிட்ட ரொம்பப் பிடிச்சது இதுக்கப்புறம் செஞ்சதுதான். அந்த நாட்கள்ல கை வெச்ச ஒவ்வொரு நாயோட வீட்டுக்கும் போன் போட்டு, "நான் தப்பாப் பாத்திருக்கலாம், கூட்டிட்டு வாங்க"ன்னு சொன்னாங்க. கைதான் பொழப்பு, அந்தக் கை சரியில்லன்னு தானே ஊருக்குச் சொல்றதுன்னா சும்மாவா!

சனிக்கிழம மணிக்கட்டுல கட்டோட போய் நின்னாங்க. வண்டி வந்துருச்சு, பின்கதவு தெறந்திருக்கு.

"அண்ணே, தப்பு என்னுது. நல்லாயிருந்த பக்கத்தப் போட்டுப் பிசைஞ்சிருக்கேன். ஒரே ஒரு தடவ தொட விடுங்க."

"அதுக்கு உன்னக் கண்டாலே ஆகலையேம்மா."

"எப்படி ஆகும்? நானா இருந்தா உதைச்சே இருப்பேன்."

மாஸ்டர் கயித்த இறுக்கிப் பிடிச்சுக்கிட்டார். சித்தி இடது கைய முதுகுக்குப் பின்னாடி வெச்சுக்கிட்டு, வலது கையாலயே ரெண்டு பக்கமும் தேடினாங்க. வலது பக்கம், சேணம் போடற எடத்துக்குப் பின்னாடி, கடைசி விலா எலும்போரம் இருந்துது பாருங்க முடிச்சு! வலது பக்கம் நீண்டு குடுத்தாதானே இடது பக்கம் வளைய முடியும்? அந்த ஒத்தக் கையாலயே முடிச்சத் தளர்த்திக்கிட்டு அங்கேயே நின்னாங்க. வண்டிக்காரர் ஹாரன் அடிக்கப் போனவர், மாஸ்டர் மொறைச்சதும் கைய எடுத்துக்கிட்டார்.

மொதல்ல காது நிமிந்துது. அப்புறம் தலை கொஞ்சம் கொஞ்சமா எறங்குச்சு. வாய் மெல்ல ஆரம்பிச்சுது. அப்புறம் வந்துது ஒரு கொட்டாவி, கடவாப்பல்லு வரைக்கும் தெரியற மாதிரி! மாஸ்டர் மூஞ்சியத் தொடைச்சுக்கிட்டார், தூசியாம்.

சேணம் போட இன்னும் நாளாகும்னு சித்தி கண்டிப்பா சொல்லிட்டாங்க. மாஸ்டர் தலைய மட்டும் ஆட்டிட்டு, "நீ கெளம்புப்பா, வாங்கறவர்கிட்ட நான் பேசிக்கறேன்"னு வண்டிக்காரர்கிட்ட சொன்னார். அவரோ எறங்கி வந்து சித்திகிட்ட நெளிஞ்சார்.

"மேடம், எனக்கும் இடுப்புல ஒரு பிடிப்பு…"

"நாலு கால்ல நடந்து காட்டுங்க, பாக்கறேன்."

மாஸ்டர் மகாராணியக் கூட்டிக்கிட்டு நடந்தார். லாயத்துக்கு அங்கிருந்து இடது பக்கம் திரும்பணும். அவர் கயித்த இழுக்க வேண்டியே வரல.